தேரி மணலில் புதையும் வண்டி

கேள்வி: ஐயா, திசையன்விளைப் பக்கம், செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரம் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் பனையேறி, வயது 36. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்துபோனது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, தொட்டால் தெரிவதும் இல்லை. கையில் மட்டும் நல்ல பலம். முகாமில் இலவசமாக ஒரு வீல்சேர் தந்தார்கள். அதில் உட்கார்ந்தால் அரைமணி நேரத்தில் வலப்பக்கமாகச் சாய்ந்துவிடுகிறார். முற்றத்தில் இறக்கினால் முன்சக்கரம் மணலில் புதைந்துவிடுகிறது. இப்போது அதன்மேல் துணிதான் காய்கிறது. போன வாரம் குளிப்பாட்டும்போது வலது பிட்டத்தில் ஒரு ரூபாய் அளவுக்குக் கறுப்பு பார்த்தேன். சும்மா கொடுத்ததை வைத்துப் பிழைக்கத் தெரியவில்லை என்று சொந்தக்காரர்களே பேசுகிறார்கள். வட்டிக்கு வாங்கியாவது ஒன்றேகால் லட்சத்தில் பேட்டரி வண்டி எடுத்துவிடலாம் என்கிறார் கொழுந்தனார். எடுக்கலாமா? இல்லை, இன்னொரு வண்டிக்கு மனு கொடுக்கட்டுமா? வண்டி இருக்கை 18 இஞ்சு, அவர் இடுப்பு அகலம் 15 இஞ்சு இருக்கிறது. வாசலில் இருந்து தார் ரோடு 40 அடி.

பதில்: சகோதரி, கடன் வாங்க வேண்டாம். முதலில் அந்தக் கறுப்பைக் கவனிப்போம். வண்டிப் பேச்சு அதற்குப் பிறகு.

அந்த இடத்தை விரலால் லேசாக அழுத்தி எடுங்கள். அழுத்தியபோது நிறம் வெளுத்துத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். கறுத்த தோலில் இது சரியாகத் தெரியாது. அதனால் புறங்கையால் தொட்டு, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, உள்ளே கட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்றும் பாருங்கள். நிறம் மாறாமல் அப்படியே நின்றாலும், சூடோ கட்டியோ இருந்தாலும் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். தோல் தேறும்வரை அவர் அந்த இடத்தில் உட்காரவே கூடாது. ஒருக்களித்தும் குப்புறவும் படுக்கவையுங்கள். எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். நசுங்கிக் கிடக்கிற சதை தேய்த்தால் இன்னும் கிழியும். காற்றடைத்த ரப்பர் வளையத்தில் உட்காரவைக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அதையும் தொடாதீர்கள். வளையம் சுற்றிலும் அழுத்துவதால் நடுவில் இருக்கும் தோலுக்கு ரத்தம் போவது குறையும். தோல் உரிந்தாலோ, நீர் வடிந்தாலோ, நாற்றம், காய்ச்சல் வந்தாலோ ஒரு நாளும் தள்ளாமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

கறுப்பு வலப்பக்கம் வந்ததற்கும் அவர் வலப்பக்கம் சாய்வதற்கும் காரணம் ஒன்றுதான். நீங்கள் எழுதிய அளவிலேயே அது இருக்கிறது. இருக்கை 18 இஞ்சு என்றால் 46 செ.மீ. இடுப்பு 38 செ.மீ. எட்டு செ.மீ. காலியாகக் கிடக்கிறது. வயிற்றுத் தசை பிடிக்காத ஆள் அந்தக் காலி இடத்தில் நேராக உட்கார முடியாது. ஒரு பக்கக் கைப்பிடியில் போய்ச் சாய்வார், உடம்புப் பாரம் முழுக்க அந்தப் பக்கத்து இருக்கை எலும்பின்மேல் இறங்கும். பிட்டத்துக்குள் கையால் அழுத்தினால் தட்டுப்படுகிற இரண்டு முண்டுகள்தான் இருக்கை எலும்புகள். கூடவே ரெக்சின் இருக்கை தொட்டில்போலத் தொய்ந்திருக்கும். தொய்ந்த இருக்கையில் இடுப்பு ஒருபோதும் சமமாக நிற்காது.

முகாமில் பெரும்பாலும் கொடுக்கப்படும் வண்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளியைத் தள்ளிப்போகிற வகை. அதில் உட்காருகிறவருக்கு உணர்வு இருக்கும், பத்து நிமிஷத்தில் இறங்கிவிடுவார், தரை சிமெண்டுத் தரை. உங்கள் வீட்டில் இந்த மூன்றுமே கிடையாது. உலக சுகாதார நிறுவனம் ஏழை நாடுகளில் வீல்சேர் வழங்குவதற்கென்று 2008ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஆளை அளப்பது, எது வேண்டும் என்று எழுதுவது, வண்டியை உட்காரவைத்துச் சரிபார்ப்பது, ஓட்டப் பழக்குவது, பின்னால் பழுது பார்ப்பது என்று அதில் எட்டுப் படிகள் இருக்கின்றன. உங்களுக்கு வண்டி மட்டும் வந்திருக்கிறது, மற்றப் படிகள் வரவில்லை. அதே நிறுவனமும் யுனிசெஃபும் 2022ல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் 250 கோடிப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு உதவிக் கருவி தேவைப்படுகிறது. சில ஏழை நாடுகளில் தேவைப்படுகிறவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் அது கிடைக்கிறது. கிடைத்தும் பயன்படாமல் துணி காயப்போடும் வண்டிகள் தனிக்கணக்கு. ஆகவே சொந்தக்காரர்கள் பேச்சை மனசில் வைக்காதீர்கள். அவர் அந்த வண்டியைவிட்டு இறங்கியது உடம்புக்கு நல்லதே.

இருக்கிற வண்டியையே முக்கால்வாசி சரிசெய்யலாம். தையல் டேப்பை உடம்பு வளைவில் ஒட்டி அளந்தால் தப்பாக வரும், அதனால் முதலில் மறுபடியும் அளந்துகொள்ளுங்கள். தோல் தேறிய பிறகு, சமமான பெஞ்சில் அவரை உட்காரவைத்து, இடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கெட்டி அட்டைப் புத்தகத்தை நட்டக்குத்தலாக ஒட்டி நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் அளங்கள். பிட்டத்தின் பின்பக்கம் ஒரு புத்தகத்தை நிறுத்தி, அதிலிருந்து முழங்கால் மடிப்புவரை அளந்தால் தொடை நீளம். அதில் 3 முதல் 6 செ.மீ. கழித்தால் இருக்கையின் ஆழம். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் அடிவரை அளந்தால் கால்தட்டு எவ்வளவு கீழே இருக்க வேண்டும் என்பது தெரியும். காலையும் மாலையுமாக இரண்டு தடவை அளந்து தாளில் குறித்துவையுங்கள். இந்தத் தாள் பின்னால் மனுவுக்கும் வேண்டும்.

தொய்வை எடுக்க 12 மி.மீ. பிளைவுட் போதும். 46க்கு 40 செ.மீ. அறுத்து, முன்விளிம்பை ராவி உருட்டிவிடுங்கள். அடியில் இரண்டு ரீப்பர் சட்டம், இருக்கைக் குழாய்களுக்குச் சற்று உள்ளே வருகிறமாதிரி திருகினால் பலகை பக்கவாட்டில் நகராது. வண்டியை மடிக்கும்போது பலகையைத் தூக்கி எடுத்துவிடலாம்.

பலகையின்மேல் மெத்தை வரும். பணத்தில் எங்கே கஞ்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். அடியில் 5 செ.மீ. கெட்டி ஃபோம், மேலே 3 செ.மீ. மிருதுவான, அழுத்தினால் உடனே எழும்புகிற ஃபோம். கட்டில் மெத்தை செய்யும் கடைகளில் இரண்டும் கிடைக்கும். அடி ஃபோமில், இருக்கை எலும்புகள் வருகிற இடத்தில், 3 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி வெட்ட வேண்டும். எலும்பு எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க, அவரை ஈரத் துணி கட்டி ஒரு தடித்த அட்டையில் ஒரு நிமிஷம் உட்காரவையுங்கள், இரண்டு அழுந்தல் தெரியும். ஒரே ஒரு நிமிஷம், அதுவும் தோல் தேறிய பிறகு. குழியின் முன்விளிம்பு அந்த எலும்புகளுக்கு 3 செ.மீ. முன்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் பாரத்தைத் தொடை வாங்கிக்கொள்ளும், எலும்பு முன்பக்கம் வழுக்காது. பக்கவாட்டில் இடுப்பு ஓரம் குழிக்குள் இறங்காத அளவுக்கு மட்டும் அகலம் போதும். எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. உறைக்குப் பனியன் துணி நல்லது, அதையும் தளர்வாகத் தையுங்கள். இறுக்கித் தைத்தால் உறையே தொட்டில் கட்டினமாதிரி நின்றுகொண்டு, ஃபோமை வேலை செய்யவிடாது. மேலே ரெக்சின் போட்டால் நம் ஊர் வெயிலில் வேர்வை தேங்கித் தோல் ஊறும். சிறுநீர் படுமென்றால் மெல்லிய பிளாஸ்டிக் பையைப் பனியன் உறைக்கு உள்ளே, தொளதொளவென்று போடுங்கள். ஃபோமை நனைத்தால் நிழலில் உலர்த்துங்கள், வெயில் பட்டால் பொடிந்துபோகும்.

மெத்தை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு விரல் சோதனை உண்டு. வழிகாட்டி எழுதினவர்கள் சொல்லித்தருவது, காசு செலவில்லாதது. அவரை மெத்தையில் நேராக, கைகளைத் தொடையில் வைத்து உட்காரவையுங்கள். இடப்பக்கம் கொஞ்சம் சாயச் சொல்லி, வலது இருக்கை எலும்புக்கு அடியில், எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே, உங்கள் விரல்நுனிகளை உள்ளங்கை மேலாகச் செருகுங்கள். திரும்ப நேராக உட்காரட்டும். விரல்நுனியை மேலும் கீழும் அரை செ.மீ. ஆட்ட முடிந்தால் நல்லது. ஆட்ட முடியவில்லை, ஆனால் விரலை உருவ முடிகிறது என்றால் அது எச்சரிக்கை, குழியை இன்னும் கொஞ்சம் திருத்துங்கள். விரல் நசுங்கி, உருவவே சிரமமாக இருந்தால் அந்த மெத்தையில் அவர் உட்காரக்கூடாது. இடது எலும்புக்கும் அப்படியே. மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள், ஃபோம் செத்துப்போனது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும்.

பக்கவாட்டுக் காலி இடத்துக்கு, மெல்லிய பிளைவுட் துண்டில் கெட்டி ஃபோம் ஒட்டி, மொத்தம் 3 செ.மீ. பருமனில் இரண்டு பட்டைகள் செய்து, கைப்பிடியின் உட்பக்கம் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டுங்கள். 15 செ.மீ. உயரம், 30 செ.மீ. நீளம் போதும். இடுப்புக்கும் பட்டைக்கும் நடுவே உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும். முதுகுப்பக்க ரெக்சினும் தொய்ந்திருந்தால், நாடாக்கட்டிலுக்குப் பின்னுகிற இரண்டு இஞ்சு நைலான் நாடா வாங்கி, பின்குழாய்கள் இரண்டுக்கும் நடுவே நான்கு வரிசை கட்டுங்கள். கீழ் வரிசையை, இடுப்பு வருகிற இடத்தில், நன்றாக இறுக்குங்கள். மேல் வரிசையைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இடுப்பு நேராக நின்றால் முதுகு தன்னால் நிமிரும்.

பலகையும் மெத்தையும் வந்ததும் ஆள் ஏழெட்டு செ.மீ. உயர்ந்துவிடுவார், கால் தொங்கும். கால்தட்டை அதற்கேற்ப மேலே ஏற்றி மறுபடி முடுக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கால் தொங்கினால் உடம்பு முன்பக்கம் வழுகும். தட்டு ரொம்ப மேலே போனால் முழங்கால் தூக்கி, பாரம் திரும்பவும் இருக்கை எலும்புக்கே வரும். தொடை முழுக்க மெத்தையில் படிந்திருக்கிறதா என்று கையை நுழைத்துப் பாருங்கள். தட்டுக்கும் தரைக்கும் 5 செ.மீ.க்குக் குறையாமல் இடைவெளி வேண்டும். கையைத் தளரத் தொங்கவிட்டால் விரல்நுனி பின்சக்கர அச்சைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் மெத்தை உயரம் அதிகம், சக்கரத்தைச் சரியாகத் தள்ள வராது.

இவ்வளவும் செய்த பிறகும், அரைமணிக்கு ஒருமுறை அவர் முன்னால் குனிந்து, நெஞ்சைத் தொடையில் சாய்த்து இரண்டு நிமிஷம் இருக்க வேண்டும். போனில் அலாரம் வைத்துவிடுங்கள். பழகும்வரை முன்னால் ஒருவர் நின்றுகொள்ளுங்கள். கைகளை ஊன்றி உடம்பைத் தூக்குவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இரண்டு நிமிஷம் யாராலும் அப்படி நிற்க முடியாது. நாளடைவில் தோள்மூட்டும் தேய்ந்துபோகலாம். அந்தத் தோள்தான் இனி அவருக்குக் கால்.

அடுத்து மணல். முன்சக்கரம் புதைவதற்குக் காரணம் இரண்டு. சக்கரம் ஒரு இஞ்சு அகலம்தான். கத்திபோல மண்ணுக்குள் இறங்குகிறது. இந்த வகை வண்டியில் பின் அச்சு முதுகுக்கு நேர் கீழே இருப்பதால், ஆளின் பாரத்தில் நல்ல பங்கு முன்சக்கரத்துக்குப் போகிறது. அச்சை முன்னால் நகர்த்த ஓட்டை உள்ள சட்டகம் என்றால் 2 செ.மீ. நகர்த்தலாம், ஆனால் வண்டி பின்பக்கம் குடைசாயப் பார்க்கும். பின்னால் தடுப்புச் சக்கரம் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். எட்டு இஞ்சு விட்டமும் இரண்டு இஞ்சு அகலமும் உள்ள காற்றடைத்த முன்சக்கரம் போட்டால் புதைவது வெகுவாகக் குறையும். சக்கரத்தைப் பிடித்திருக்கிற பழைய கவைக்குள் அது நுழையாது, புதுக் கவையும் வேண்டும். பழைய கவையைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கையோடு கொண்டுபோங்கள். தண்டின் விட்டமும் பேரிங் அளவும் ஒத்துவந்தால் மட்டும் வாங்குங்கள். பேரிங்கின் ஓரத்தில் எண் பொறித்திருக்கும், அதே எண்ணில் இரண்டு பக்கமும் ரப்பர் மூடியிட்ட வகை கேளுங்கள். மூடியில்லாத பேரிங் தேரி மணலிலும் உவரிப் பக்கத்து உப்புக் காற்றிலும் சில மாதங்களில் கரகரக்கத் தொடங்கிவிடும்.

மணலில் போயே ஆக வேண்டும் என்றால் வண்டியைத் திருப்பி, பின்சக்கரம் முன்னே வருகிறமாதிரி பின்னோக்கி இழுங்கள். பெரிய சக்கரம் மணலில் ஏறும், சின்னது பின்னால் இழுபட்டு வரும். கொழுந்தனாருக்கு இதைக் காட்டிக்கொடுத்தால், தோல் தேறியதும் முற்றத்தைத் தாண்டலாம்.

ஆனாலும் அந்த 40 அடிக்குப் பாதை போடுவதுதான் நிரந்தரம். பேட்டரி வண்டிக் கடனில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். 3 அடி அகலம், 3 இஞ்சு கனம், ஒன்றுக்கு இரண்டு நாலு கலவை. 6 மூட்டை சிமெண்ட், 14 கன அடி எம்-சாண்ட், 27 கன அடி முக்கால் இஞ்சு ஜல்லி. அடியில் தண்ணீர் விட்டு மண்ணைத் திமிசு போட்டுக் கெட்டிப்படுத்தாவிட்டால், தேரி மணல் நழுவி, பாதை பாளம் பாளமாக வெடிக்கும். ஐந்து அடிக்கு ஒரு இடைவெட்டு விடுங்கள். மேலே கரணையால் வழவழவென்று தேய்க்கவிடாதீர்கள், விளக்குமாற்றால் குறுக்கே ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் இரண்டு இஞ்சு விளிம்பு இருந்தால் சக்கரம் மணலில் இறங்காது. வாசல் நடைக்குச் சரிவு போடும்போது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இடம் போதவில்லை என்று நீளத்தைப் பாதியாக்கினால், அவரால் தனியாக ஏற முடியாது. இறங்கும்போது முகம் குப்புற விழுவார்.

பின் டயர் காற்றடைத்ததாக இருந்தால் கடையில் அளவை வாயால் சொல்லிக் கேட்காதீர்கள், டயர் ஓரத்தில் எழுதியிருக்கிற அளவைக் காட்டுங்கள், சைக்கிள் கடையிலேயே டியூப் கிடைக்கும். உங்கள் பக்கம் உடைமுள்தான் எமன். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி, டயருக்கும் டியூபுக்கும் நடுவே பட்டையாக விரித்துப் போடுங்கள். காற்று குறைந்தால் பிரேக்கும் பிடிக்காது, ஏனென்றால் பிரேக் கட்டை டயரில் அழுத்தித்தான் நிற்கிறது. கட்டிலில் இருந்து வண்டிக்கு மாறும்போது விழுந்தவர்கள் பலருக்கு இதுதான் காரணம். பெருவிரலால் அழுத்தினால் டயர் அரை செ.மீ.க்கு மேல் அமுங்கக் கூடாது. வண்டியை வெயிலில் நிறுத்தாதீர்கள். சூடேறிய கால்தட்டில் உணர்வில்லாத பாதம் வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது.

பேட்டரி வண்டி விஷயம். கைபலமுள்ள 36 வயதுக்காரருக்கு வீட்டுக்குள் அது தேவையில்லை. வண்டியின் எடையே தேரியில் அதைப் புதைக்கும், நாலு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். அதில் வருகிற இருக்கையும் இதே தொய்வும் இதே 18 இஞ்சுமாக இருந்தால், கடனோடு புண்ணையும் வாங்கினதாகிவிடும். ரோட்டில் தூரம் போகவேண்டிய காலம் வரும்போது, வீல்சேரின் முன்னால் பூட்டி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு ஓடுகிற மோட்டார் இணைப்பு இருக்கிறது. சென்னை ஐஐடியில் உருவாகி 2021ல் வெளிவந்த நியோபோல்ட் அந்த வகை. கைகள் நன்றாக உள்ளவர்களுக்கு அரசு தருகிற, பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டருக்கும் அவர் மனுச் செய்யலாம். எதில் ஏறினாலும் அவருடைய மெத்தை கூடவே ஏற வேண்டும்.

மனுவுக்கு வருவோம். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுங்கள். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தருகிற மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில் 40 சதவீத ஊனமும், மாதம் 22,500 ரூபாய்க்கு உட்பட்ட வருமானமும் இருந்தால் முழுச் செலவும் அரசுடையது. 30,000 வரை பாதி. ஆனால் ஒருமுறை வாங்கியவர் அதே பொருளை மறுபடி கேட்க 3 ஆண்டு இடைவெளி கேட்பார்கள். அதுவரைக்கும்தான் மேலே சொன்ன பலகையும் மெத்தையும். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை இல்லாவிட்டால் முதல் வேலை அதுதான்.

மனுவில் "வீல்சேர் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் மறுபடியும் இதே வண்டிதான் வரும். "தண்டுவடக் காயம், இடுப்புக்குக் கீழ் தொடு உணர்வு இல்லை, இருக்கை அகலம் 38 செ.மீ., ஆழம் இவ்வளவு, கால்தட்டு இவ்வளவு, கழற்றக்கூடிய கைப்பிடி, அகலமான முன்சக்கரம், படுக்கைப் புண் தடுக்கும் மெத்தை" என்று எழுதி, அளவுத் தாளையும் கறுப்பு இருந்த இடத்தைப் பார்த்த டாக்டரின் சீட்டையும் இணையுங்கள். கழற்றக்கூடிய கைப்பிடியை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான் கட்டிலில் இருந்து அவர் பக்கவாட்டில் வழுக்கி மாற முடியும். நார்க்கட்டில் தாழ்வாக இருந்தால் நாலு காலுக்கும் கட்டை கொடுத்து, மெத்தையோடு சேர்ந்த வண்டி உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். மனு எண் போட்ட ரசீது இல்லாமல் திரும்ப வராதீர்கள்.

முகாமில் வண்டி தரும்போது கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அவரை அதில் கால்மணி நேரம் உட்காரவைத்து, அதே விரல் சோதனையை அங்கேயே செய்யுங்கள். கூட்டமாக இருக்கிறது, போட்டோ எடுக்க வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். நீங்கள் அவசரப்பட வேண்டாம்.

ஓட்டப் பழக்கவும், கட்டிலுக்கு மாறப் பழக்கவும், சிறுநீர்ப் பராமரிப்பைச் சொல்லித்தரவும் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில் தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கான மறுவாழ்வு மையம் இருக்கிறது. தென்காசிக்குப் போக வேண்டும், தூரம்தான், தங்கவேண்டியும் வரலாம். கறுப்பு முழுக்க ஆறின பிறகு, இந்த மெத்தையையும் கையோடு எடுத்துக்கொண்டு கூட்டிப்போங்கள். அவர்கள் உட்காரவைத்துப் பார்த்துக் குழியைத் திருத்திக்கொடுப்பார்கள்.